உடலை அளப்பதா, வேலையை அளப்பதா?

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954 ஜனவரியில் ஒரு சாலை விபத்தில் சிக்கினார். முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் போனது, உணர்வும் போனது. அறுவை அரங்கில் மணிக்கணக்கில் நின்றாக வேண்டும். அவரால் இனி நிற்க முடியாது. மருத்துவத் தொழில் அதோடு முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

அங்கே எலும்பு அறுவை நிபுணராக இருந்த பால் பிராண்ட் வேறு கணக்குப் போட்டார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் வளர்த்தெடுத்தவர். அந்தச் சிகிச்சையில் நோயாளியின் கையை நீட்டி வைத்துக்கொண்டு, மருத்துவர் உட்கார்ந்தபடியே வேலை செய்வார். அதற்கு வேண்டியது இரண்டு நல்ல கைகள், கூர்ந்த பார்வை, பொறுமை. மேரி வர்கீஸிடம் மூன்றும் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவர் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த வரலாற்றை மனவுறுதியின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். மனவுறுதி இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கதையைத் திருப்பிய இடம் அதுவல்ல. ‘அறுவைச் சிகிச்சை’ என்று மொத்தமாகச் சொல்லப்பட்ட வேலையை ஒருவர் பிரித்துப் பார்த்தார். எந்தப் பகுதிக்குக் கால் வேண்டும், எந்தப் பகுதிக்குக் கை போதும் என்று பார்த்தார். நிற்பது அந்தத் தொழிலின் பழக்கம்தான், கட்டாயம் அல்ல என்பது அப்போது தெரிந்தது. உடல் குறைபாட்டோடு வேலை செய்வது பற்றி இந்தியாவில் கடந்த முப்பது ஆண்டுகளாகச் சட்டங்களும் நீதிமன்றங்களும் அரசாணைகளும் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்திருக்கும் இடமும் இதுதான்: ஒருவரால் வேலை செய்ய முடியுமா என்ற கேள்விக்குப் பாதி விடை உடலில் இருக்கிறது, மீதிப் பாதி வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியை நாம் இன்னும் சரியாக அளக்கத் தொடங்கவில்லை.

கைப்பிடியைத் தடிப்பாக்கியவர்கள்

வேலூரிலேயே இதற்கு இன்னொரு பாடமும் உண்டு. விரல்கள் நிமிர்ந்த தொழுநோயாளிகள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். முடங்கிய கையைக் காட்டினால் பிச்சையாவது கிடைத்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் இல்லை, நோயின் வடு இருப்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை என்று முறையிட்டார்கள். சிகிச்சை வென்றது, பிழைப்பு தோற்றது. இதற்கு விடையாக 1951இல் கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ தொடங்கப்பட்டது. குடிசைகள் போட்டு, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுத்தந்தார்கள்.

அந்தப் பட்டறையில்தான் ஒரு மருத்துவ உண்மையும் தெளிவானது. தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று ஊரே நம்பிய காலம் அது. உண்மையில் நோய் நரம்புகளைத் தாக்கி வலியைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாதவர் சுத்தியலை இறுகப் பிடிப்பார், சூடான பாத்திரத்தை வெறும் கையால் தூக்குவார், துருப்பிடித்த பூட்டில் சாவியைத் தோல் கிழியும்வரை திருகுவார். கவனிக்கப்படாத காயங்கள்தான் விரல்களைக் கொண்டுபோயின. இது தெரிந்ததும் மாற வேண்டியது எது என்பதும் தெரிந்தது. கருவிகளின் கைப்பிடி தடித்தது. அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் உள்ளங்கை முழுக்கப் பரவியது. வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று தேடும் பழக்கம் வந்தது. வலி செய்திருக்க வேண்டிய வேலையைக் கண் எடுத்துக்கொண்டது.

கருவியை மாற்றுவது, வேலை முறையில் ஒரு சிறு பழக்கத்தைச் சேர்ப்பது, வேலையைப் பகுத்து ஆளுக்கேற்பக் கொடுப்பது ஆகிய மூன்றும் 1950களிலேயே வேலூரில் நடைமுறையில் இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் ‘உரிய வசதி ஏற்பாடு’ என்பதன் உள்ளடக்கமும் ஏறக்குறைய இவைதான்.

சதவீதத்தின் கணக்கு

ஆனால் அரசின் கோப்பு உடலிலிருந்துதான் தொடங்குகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மருத்துவக் குழு பரிசோதித்து, குறைபாடு இத்தனை சதவீதம் என்று எழுதித் தருகிறது. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசையின் வலு எவ்வளவு, கால் எவ்வளவு குட்டை என்பதெல்லாம் எண்ணாகின்றன. ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் அவற்றை நேரடியாகக் கூட்டுவதில்லை. பெரியதை அப்படியே வைத்து, சிறியதைத் தொண்ணூற்றில் மீதமுள்ள பங்கால் பெருக்கிச் சேர்க்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன்படி 40ம் 30ம் சேர்ந்தால் 70 ஆகாது, ஏறத்தாழ 57 ஆகும். 40ஐத் தொட்டால் இட ஒதுக்கீடும் பல சலுகைகளும் கிடைக்கும்; 39 என்றால் கிடைக்காது.

சலுகைகளைப் பகிர ஏதாவது ஓர் எல்லைக்கோடு வேண்டும்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், உதவிக்காகப் போட்ட கோட்டையே தகுதிக்கும் கோடாகப் பயன்படுத்தும்போது. 60 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து, ஒருவரால் கணக்கு எழுத முடியுமா, வகுப்பெடுக்க முடியுமா, லேத் ஓட்ட முடியுமா என்று யாராலும் சொல்ல முடியாது. இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பிய ஒருவருக்கும் வலது கை தோளோடு போன ஒருவருக்கும் சதவீதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். கணினி முன் அமரும் வேலையில் முதலாமவருக்குச் சாய்தளமும் கழிப்பறையும் போதும். இரண்டாமவருக்கு ஒரு கையால் தட்டச்சு செய்யும் பயிற்சியும் கூடுதல் நேரமும் வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும் தேவை வேறு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். நாடு முழுவதும் அவர்களில் 36 சதவீதத்தினர்தான் ஏதாவதொரு வேலையில் இருந்தார்கள். ஆண்களில் 47, பெண்களில் 23. தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று 2018இல் நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர்கள் 22.8 சதவீதம் என்றது அது. வேலையில் இருப்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்தாலும் 23.8தான். அதே காலத்தில் பொதுவாக இந்த விகிதம் ஏறத்தாழ 50 சதவீதமாக இருந்தது.

22.8க்கும் 23.8க்கும் இடையிலுள்ள தூரம் ஒரே ஒரு புள்ளி என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை தேடிக் கிடைக்காதவர்கள் மிகக் குறைவு. நான்கில் மூன்று பேர் தேடவே இல்லை. முதுமையும் கடுமையான நோயும் சிலருக்குக் காரணமாக இருக்கும். ஆனால் இத்தனை பேர் தேடாமல் இருப்பதை அவற்றால் மட்டும் விளக்க முடியாது. தேடிப் பயனில்லை என்ற முடிவுக்கு அவர்களும் அவர்கள் குடும்பங்களும் முன்பே வந்துவிட்டார்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

நீதிமன்றம் நடந்த தூரம்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டின் சட்டம் அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது. 2016 சட்டம் அதை 4 ஆக்கியது. அதைவிட முக்கியமான ஒரு விதி 1995 சட்டத்தின் 47ஆம் பிரிவில் இருந்தது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக்கூடாது. அந்தப் பணி செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் பொருத்தமான பணி கிடைக்கும்வரையோ ஓய்வு பெறும்வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். பணியின்போது காயம்பட்டு இடது கால் நீக்கப்பட்ட குணால் சிங் என்ற காவலரை, உடல் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் இந்தப் பிரிவைக் காட்டித் தீர்ப்பளித்தது.

வேலைக்குள் இருப்பவரைக் காப்பது இப்படி ஓரளவு எளிதாக நடந்தது. வெளியிலிருந்து உள்ளே வருபவருக்கு வழி விடுவதுதான் கடினமாக இருந்தது. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி தேர்வில், பார்வைக் குறைபாடு 50 சதவீதத்துக்கு மேல் இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது என்று இருந்த வரம்பை 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டே ஆண்டில், எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு உதவி எழுத்தர் வேண்டும் என்ற விகாஷ் குமார் வழக்கில், அந்தப் பழைய தீர்ப்பு உரிய வசதி ஏற்பாடு என்ற கொள்கையைக் கருத்தில் கொள்ளவில்லை என்று அதே நீதிமன்றம் விமர்சித்தது. 2025 மார்ச்சில், பார்வைக் குறைபாட்டை மட்டும் காரணமாக்கி நீதிப் பணியிலிருந்து யாரையும் விலக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

மருத்துவப் படிப்பிலும் இதே திருப்பம். சதவீதம் ஒன்றையே காட்டி இடம் மறுக்கக்கூடாது, அந்த மாணவரால் என்ன செய்ய முடியும் என்பதைக் குழு ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற வழிகாட்டு விதியையும் 2025 பிப்ரவரியில் கடுமையாகக் கண்டித்தது.

ஆனாலும் 2016 சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஊழியருக்கு உரிய வசதி செய்து தர வேண்டும் என்று 20ஆம் பிரிவு வெளிப்படையாகக் கட்டளையிடுவது அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க அரசு ஊக்கத்தொகை தரலாம். அவ்வளவுதான். பட்டறை, ஜவுளிக்கடை, உணவகம், செங்கல் சூளை, வீட்டு வேலை என்று பெரும்பாலான தமிழர் பிழைக்கும் இடங்களுக்குள் இந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதுகூட அரிது.

நான்கு மணி நேரம், முழுக் கூலி

அமைப்புசாரா வேலையில் இது முடியவே முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு நல்ல மறுப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது, நூறு நாள் வேலைத் திட்டத்தில். மண் வெட்டுவதுதான் அந்தத் திட்டத்தின் மைய வேலையாக இருந்தது. உடல் குறைபாடு உள்ளவருக்கு மிகவும் பொருந்தாததும் அதுதான். ஆனால் வேலைத் தளத்தை உற்றுப் பார்த்தால் மண் வெட்டுவது மட்டுமே அங்கு நடக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மரக்கன்று நட வேண்டும், புதிதாகக் கட்டிய சுவருக்கு நீர் விட வேண்டும். திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே இந்த வேலைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டன. தமிழ்நாடு அரசு அதற்கு மேலும் போய், அவர்கள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழு நாள் கூலி தரலாம் என்று ஆணையிட்டது.

இந்த ஆணையைக் கருணையாகப் பார்ப்பவர்கள் உண்டு. அது பாதிப் பார்வைதான். ஊன்றுகோலோடு வருபவருக்கு ஏரிக்கரைவரை போய்ச் சேர்வதே பாதி உழைப்பு. அந்த உழைப்பும் கூலிக் கணக்கில் வந்தது என்பதே இதன் பொருள். ஏட்டில் உள்ள ஆணை தளத்தில் நடக்கவில்லை என்பதற்காக மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள் முன் மீண்டும் மீண்டும் போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘உனக்கெதுக்கும்மா இந்த வெயில்ல, வீட்ல இரு’ என்று பணித்தளத்தில் சொல்லும் ஒரு வார்த்தை போதும், அரசாணை அங்கேயே செத்துப்போகும்.

அரசு இலவசமாகத் தரும் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரமும் இதே தர்க்கத்தின் மேல் நிற்கிறது. மிதிபலகைக்குக் கால் வேண்டும். தைப்பதற்கு வேண்டியது கையும் கண்ணும். மோட்டார் வந்ததும் இரண்டும் பிரிந்துவிட்டன. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஊனமுற்றவருக்கு இன்ன வேலை என்று ஒரு சிறிய வட்டத்தைப் போட்டு எல்லாரையும் அதற்குள் அடைப்பது நம் வழக்கம். 1990களில் எஸ்டிடி பூத் அந்த வட்டமாக இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது, தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகையின் கீழ் அமர்ந்திருந்தார்கள். கைப்பேசி வந்ததும் பூத்துகள் மறைந்தன. அவர்களை வேறு தொழிலுக்குக் கொண்டுபோகும் திட்டம் எதுவும் பின்னால் வரவில்லை.

வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே

வேலையைப் பிரித்துப் பார்க்கும்போது வேலையிடத்தோடு நின்றுவிட முடியாது. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் வழக்கமான பேருந்தின் தரைத்தளம் சாலையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்தில் அது 400. டிக்கெட் இலவசம், படி எட்டாது. தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று சென்னையில் மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் உயர் நீதிமன்றம்வரை போராடினார்கள். பேருந்தைவிட அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் பலருக்கு உதவுகிறது. அந்த வண்டியில் ஏறிய நாளிலிருந்துதான் தூரத்தில் வேலை தேடத் துணிந்ததாகச் சொல்பவர்களைச் சிற்றூர்களில் காணலாம். வண்டி ஓட்டவும் முடியாதவருக்கு இன்றும் வாடகை ஆட்டோதான் வழி; மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

அடுத்தது கழிப்பறை. இதைப் பற்றி எழுதக் கூச்சப்படுவதால்தான் இது தீராமல் இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பை தானாக இயங்காது. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். கை கழுவச் சோப்பும் நீரும், சக்கர நாற்காலி நுழையும் கதவும், உள்ளே திரும்ப இடமும், சுத்தமான தரையும் வேண்டும். எட்டு மணி நேர வேலையில் இது ஒருமுறையாவது வந்தே தீரும். வசதி இல்லாத இடத்தில் வேலை செய்பவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கிறார்கள். விளைவு சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், விடுப்பு. ஓயாமல் லீவு எடுக்கிறார் என்ற பெயரும் அவருக்கே வந்து சேரும். தொடர்ந்து உட்கார்ந்தால் புண் வரும் என்பதால் இடையிடையே கைகளை ஊன்றி உடலைச் சற்றுத் தூக்கிக்கொள்ளவும் வேண்டும். இதற்குச் சில நொடிகள்தான் ஆகும். ஆனால் அந்தச் சில நொடிகளையும் சோம்பலாகப் பார்க்காத மேலாளர் வேண்டும்.

சேவை பெறுபவரும் செய்பவரும்

கூலி இல்லாத வேலை பற்றியும் பேச வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் சேவை பெறுபவர் என்றே நம் பொதுப்புத்தி வைத்திருக்கிறது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் அதைத் தலைகீழாக்கியது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல், ஐந்து குழந்தைகளோடு ஓலைக் கொட்டகையில் இந்தச் சங்கத்தைப் பள்ளியாகத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1990களில் சென்னையிலிருந்து வந்து இணைந்தார். இன்று சுற்றுவட்டக் கிராமங்களில் முதுகுத்தண்டு மறுவாழ்விலிருந்து செயற்கை உறுப்புத் தயாரிப்புவரை அது விரிந்திருக்கிறது. ஒருவர் குரலாலும் இன்னொருவர் கணக்கறிவாலும் நிறுவனத்தை நடத்தினார்கள். வேலை பகுக்கப்பட்டதால்தான் இரண்டும் முழுநேர உழைப்பாக இருக்க முடிந்தது.

தன்னார்வப் பணியில் ஒரு கண்ணியும் இருக்கிறது. அனுபவம் கிடைக்கும், பொழுதும் போகும் என்று சொல்லிச் சம்பளம் தர வேண்டிய வேலையையே இலவசமாக வாங்கிக்கொள்வது மாற்றுத்திறனாளிகளுக்கு அடிக்கடி நடக்கிறது. வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்ற எண்ணம்தான் இதன் வேர். ஆகவே பொதுப்பணிக்கு அழைக்கும்போது அதிகாரமும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வகையில் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள் கவனத்துக்குரியவை. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க அவை வழிசெய்தன. கிராம ஊராட்சிகளில் மட்டும் ஏறத்தாழ 13,000 இடங்கள். ஊராட்சி அலுவலகத்தின் படிக்கட்டு பற்றிப் பேச வேண்டிய ஆள் அந்தப் படிக்கட்டில் ஏற முடியாமல் வெளியே நின்ற நிலைக்கு இது ஒரு பதில். கூட்டம் எங்கே நடக்கிறது, தீர்மான நகல் முன்கூட்டியே கிடைக்கிறதா, போக்குவரத்துச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இது பதவியா வெறும் நாற்காலியா என்பது தெரியும்.

எங்கே தொடங்கலாம்? அடையாள அட்டையிலும் மருத்துவச் சான்றிலும் சதவீதத்தோடு இன்னும் சில வரிகள் சேரட்டும்: தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு தூரம் செல்ல முடியும், எந்தக் கையால் எதைப் பிடிக்க முடியும், என்ன துணைக்கருவி பயன்படுத்துகிறார். இது மருத்துவர் மட்டும் எழுதுவதாக இல்லாமல், தொழிற்பயிற்சி தெரிந்தவரும் அந்த நபரும் சேர்ந்து எழுதுவதாக இருக்க வேண்டும். மறுபக்கம், மாவட்ட வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனங்கள் ‘ஆள் தேவை’ என்று ஒரு வரியில் முடிக்காமல், அந்த வேலையில் நிற்பது எவ்வளவு, தூக்குவது எவ்வளவு, எதை மாற்றிக்கொள்ள முடியும், கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று எழுதித் தரட்டும். உடலைப் பற்றிய விவரத்தைப் பல ஆண்டுகளாக மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வேலையைப் பற்றிய விவரத்தை வேலை கொடுப்பவரிடம் கேட்பதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். ஒரு படிவம் போதும்.